கூறப்படுகிறது

தை பிறக்கும் முன்பே நம் புதுக்கோட்டைச் சீமையில் மாடு அவிழ்க்கும் பேச்சுத் தொடங்கிவிடும். ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு பெரும்பாலும் கந்தர்வகோட்டைப் பக்கம் தச்சங்குறிச்சியில் நடைபெறும். அங்கே மாதா கோயில் திருவிழாவையொட்டிக் காளைகள் அவிழும். அதன்பின் வன்னியன்விடுதி, வடமலாப்பூர், இராப்பூசல், விராலிமலை, அன்னவாசல், திருவப்பூர் என்று ஊர் ஊராக அது கோடை வரைக்கும் நீளும். தமிழ்நாட்டிலேயே வாடிவாசல்கள் மிகுந்த மாவட்டம் இதுவென்பர். மாவட்டம் பிறந்ததே 1974 ஜனவரி 14, பொங்கல் திருநாளில்தான் என்பதையும் இங்குள்ளோர் சற்றுப் பெருமையோடு சேர்த்துக்கொள்வர்.

பேச்சின் மறுபாதி மறுநாள் காலையில் நடக்கும். ஸுப்ஹுத் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு இறங்கினால் எதிரே தேநீர்க் கடை. கட்டுப் பிரிக்காத நாளிதழ். “நேத்து எத்தனை பேரு?” என்றொருவர் கேட்பார். எதில் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

2017-ஆம் ஆண்டு ஜனவரி 22, ஞாயிற்றுக்கிழமை. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் விதித்த தடையை நீக்கவேண்டுமென்று சென்னை மெரீனாவில் இளைஞர்கள் இரவும் பகலும் கூடியிருந்த நாள்கள் அவை. முதல் நாள்தான் அவசரச் சட்டம் பிறந்திருந்தது. அலங்காநல்லூர் வாடிவாசலைத் திறந்துவைக்கப் புறப்பட்ட அன்றைய முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம், நிரந்தரத் தீர்வு கேட்டு மக்கள் மறித்ததனால் மதுரையிலிருந்தே திரும்ப நேர்ந்தது. நாடு முழுவதும் அந்தக் காட்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அதே ஞாயிற்றுக்கிழமையில் நம் மாவட்டத்து இராப்பூசலில் காளைகள் அவிழ்க்கப்பட்டன, இருவர் மாண்டனர். மறுநாள் நாம் பிரித்த ஏட்டின் முதற்பக்கம் முழுவதும் அலங்காநல்லூரும் மெரீனாவுமே இருந்தன. இராப்பூசல் உள்ளே எங்கோ கிடந்தது. இருவரும் எங்கே நின்றிருந்தார்கள், எவ்வாறு அடிபட்டார்கள் என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. தொலைக்காட்சியில் படத்தின் அடியில் ஓடும் எழுத்தாகச் சிறிது நேரம் வந்தது. அன்று பகலில் சென்னையில் கலவரம் மூண்டபின் அந்த ஓடும் எழுத்தையும் காணோம்.

இரண்டாண்டு கழித்து, 2019 ஜனவரி 20 அன்று, விராலிமலையில் உலக சாதனைக்கென்று 1,300-க்கு மேற்பட்ட காளைகளை ஒரே நாளில் அவிழ்த்தார்கள். அன்றும் இருவர் இறந்தனர். இம்முறை செய்தி கடல் கடந்தும் போயிற்று. சாதனைக்கு ஒரு வரி. சாவுக்கு ஒரு வரி.

பத்திரிகைகளைக் குறைகூற உமக்கு என்ன தகுதி என்று வாசகர்கள் கேட்கலாம். தகுதி ஏதுமில்லை. அப்படிப்பட்ட வரியை எழுதிய கைதான் இதையும் எழுதுகிறது.

இலுப்பூர்க் கடைத்தெருவில் நம் அத்தா ஒரு சிறு எழுதுபொருள் கடை வைத்திருந்தார்கள். அத்தோடு நாளிதழ் ஒன்றின் ஏஜென்சியும் இருந்தது. அந்நாளில் சிற்றூர்களில் ஏடு விற்பவரே செய்தியும் அனுப்புவார். சம்பளமில்லை, அச்சான வரிக்கு இத்தனை பைசா என்று கணக்கு. அவசரமானால் தந்தி, இல்லையேல் உறையிலிட்டுத் திருச்சிப் பேருந்தின் நடத்துநர் கையில் கொடுத்துவிட்டால் அலுவலகத்துப் பையன் அங்கே வாங்கிக்கொள்வான். அத்தாவுக்குக் கண்பார்வை குறைந்தபோது அந்த வேலை நம் தலைமேல் வந்தது. இருபத்து நான்கு வயது. நம் எழுத்து அச்சில் வருகிறது என்ற இறுமாப்பு வேறு.

மாடு அவிழ்ப்பவர்களை நாம் அறியாதவரல்லர். நம் பெரியத்தா மாட்டு வியாபாரி. மணப்பாறைச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவதில் கைதேர்ந்தவர். வாங்கி விற்ற மாடுகளுக்குக் கணக்கில்லை; விற்காத மாடு ஒன்றே ஒன்று. காரி என்று பெயர். சந்தையில் தாயை விற்றவன் கன்றை விலையில்லாமல் தள்ளிவிட்டுப் போக, அதை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார். அதை வளர்த்தவர் பெரியம்மா. பருத்திக்கொட்டையை ஆட்டுக்கல்லில் அரைத்து, தவிட்டில் கலந்து, வாளியைத் தூக்கிப்போய் வைப்பார். நோன்பு மாதத்தில் ஸஹருக்கு எழும்போது காரிக்கும் ஒரு வாளி தண்ணீர் உண்டு. வாடிவாசலில் ஆள் நெருங்க முடியாத அந்த மாட்டைப் பெரியம்மா காதைப் பிடித்து இழுத்துவந்து கட்டுவார். அதன் கொம்புக்கு எண்ணெய் தடவும்போது பெரியத்தாவே இரண்டடி தள்ளித்தான் நிற்பார்.

மார்கழி பிறந்தால் பயிற்சி தொடங்கும். விடியலில் கண்மாயில் நீந்தவிட வேண்டும், நெஞ்சுரம் ஏறும். மேடு பள்ளத்தில் நடத்த வேண்டும். மண்மேட்டைக் காட்டிக் கொம்பால் குத்திக் கிளற விடவேண்டும். இதற்கென்று பெரியத்தாவோடு ஐந்தாறு இளைஞர்கள் சேர்வார்கள். அவர்களில் நம்மவர் இருவர். மற்றவர்கள் அக்கம்பக்கத்து ஊர்களைச் சேர்ந்த பிற சமயத்தார். தொழுவில் மாட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கும்போது அவர்களுக்குள் வேற்றுமை கண்டதில்லை. ஒருவன் மாடு நின்று விளையாடினால் எல்லோரும் குதிப்பார்கள். ஒருவன் மாடு பிடிபட்டால் அன்றிரவு யாரும் சரியாக உண்பதில்லை. மாடு செத்தால் ஊரே கூடி, மாலையிட்டு, குழிவெட்டி அடக்கும். அடிபட்டவனைப் பார்க்கப் போகும்போது யாரும் வெறுங்கையோடு போவதில்லை. குடும்பத்தில் வேலைக்குப் போகிறவன் படுத்துவிட்டால் அவன் வயலில் நடவு நிற்பதுமில்லை.

இது கூடுமா கூடாதா என்று நம் வாசகர்களுள் சிலர் முகம் சுளிப்பதை உணர்கிறோம். ஊர்ப் பள்ளியின் ஹஜ்ரத்தும் பெரியத்தாவிடம் பலமுறை எடுத்துரைத்தார். பிராணிகளை ஒன்றோடொன்று மோதவிடுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதை நினைவூட்டுவார். “இங்க மாட்டோட மாடு மோதலையே ஹஜ்ரத்” என்பார் பெரியத்தா. “மனுசன் மோதறானே, அது அதைவிட மோசம்” என்பார் ஹஜ்ரத். பெரியத்தா சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்துகொள்வார். அந்த வழக்கை ஆலிம்களிடமே விட்டுவிடுகிறோம்.

1983-ஆம் ஆண்டுத் தை மாதம். இலுப்பூருக்கு மேற்கே ஒரு சிற்றூரில் மாடு அவிழ்த்தார்கள். நாம் அங்கே போகவில்லை. கடையில் கணக்கு முடிக்க வேண்டியிருந்தது. மாலையில் ஒருவன் மிதிவண்டியில் வந்து, “ஒரு ஆளு அவுட்டு, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போறாங்க” என்றான். அடுத்த பேருந்தைப் பிடித்தோம். மருத்துவமனை வாயிலில் கூட்டம். பிணவறைப் பக்கம் அழுகுரல். அழுகிறவர்களிடம் போய்க் கேட்கக் கூச்சமாக இருந்தது. எதிரே தேநீர்க் கடையில் நின்றிருந்த ஒருவரிடம் விசாரித்தோம். பெயர், ஊர், வயது இருபத்திரண்டு என்றெல்லாம் சொன்னார். “எப்படி அடிபட்டான்?” என்றோம். “எப்படின்னா? தண்ணியப் போட்டுட்டுக் குறுக்க நின்னிருப்பான்” என்றார்.

‘நின்னிருப்பான்’ என்றுதான் அவர் சொன்னார். நாம் எழுதியது: “சீறிவந்த காளையை அடக்க முயன்ற வீரர், காளை முட்டிப் பரிதாபமாகப் பலியானார். அவர் மது அருந்தியிருந்ததாகக் கூறப்படுகிறது.” தந்தி அலுவலகம் மூடும் முன் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் ஒரு சொல்கூட வெட்டுப்படாமல் அச்சானது. வரியை எண்ணிப் பார்த்தோம் என்பதையும் மறைக்கவில்லை.

‘கூறப்படுகிறது’ என்னும் சொல்லை வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். கூறியவன் யார்? அவன் அங்கே இருந்தானா? கண்ணால் கண்டானா? ஒன்றுக்கும் அந்தச் சொல்லிடம் விடையில்லை. எழுதியவனும் தப்பித்தான், கூறியவனும் தப்பித்தான். அகப்பட்டுக்கொண்டவன் பேச இயலாதவன். செய்தி கொண்டுவருபவனின் சொல்லைத் தீர விசாரிக்கவேண்டுமென்று ‘அல்ஹுஜுராத்’ அத்தியாயம் இட்ட கட்டளையை மத்ரஸாவில் ஓதியவர்கள்தாம் நாமும். விசாரிக்காமலே எழுதுவதற்கு இந்த ஒரு சொல்லைக் குறுக்குவழியாகக் கண்டுகொண்டோம்.

‘பலி’ என்பதும் அப்படித்தான். தெய்வத்துக்குக் கொடுக்கும் காவுக்குரிய சொல் அது. வாடிவாசலில் செத்தவனை யார் யாருக்குக் காவு கொடுத்தது? பேருந்து கவிழ்ந்தாலும் பலி, கிணறு இடிந்தாலும் பலி என்று எழுதி எழுதி அச்சொல்லின் பொருளே தேய்ந்துவிட்டது. ‘இறந்தார்’ என்பதைவிட மூன்றெழுத்துக் குறைவு, தலைப்புக்கு வசதி என்று ஓர் உதவியாசிரியர் நம்மிடம் சொன்னதுண்டு.

ஏடு வந்த மூன்றாம் நாள் பெரியத்தா கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

“இதை எழுதுனது நீயா?”

“ஆமா பெரியத்தா.”

“அந்தப் பையன் மாடு பிடிக்கிற ஆளுன்னு உனக்கு யார் சொன்னது?”

நாம் தேநீர்க் கடைக்காரரைப் பற்றிச் சொன்னோம்.

“நான் அவன்கிட்டருந்து பத்தடியில நின்னேன். என்கிட்ட ஏன் கேக்கல?”

அப்போதுதான் உறைத்தது. அன்று காரியும் அங்கே அவிழ்ந்திருக்கிறது. கேட்கவேண்டிய ஆள் அன்றிரவு நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். நாம் அவரைக் கடந்துபோய் நாளைய செய்தியைப் பற்றிப் பெருமை பேசியிருக்கிறோம்.

நடந்தது இதுதான். அந்த இளைஞன் மாடு பிடிப்பவனே அல்லன். வீட்டு மாட்டைத் தமையன் வாடிவாசலில் அவிழ்க்க, இவன் கயிற்றோடு மறுகோடியில் நின்றிருந்தான். களம் முடிந்து மாடுகள் கண்மாய்ப் பொட்டலுக்கு ஓடிவரும் இடம் அது. அங்கே தடுப்பு இல்லை, மேடை இல்லை, காவலர் இல்லை. மாட்டுக்காரர்களும் வேடிக்கை பார்க்க வந்தோரும் பிள்ளைகளும் ஒன்றாகக் கலந்து நிற்பர். ஒரு மாட்டைப் பிடித்துக் கட்டுமுன் அடுத்த மாடு வந்துவிடும். இவன் தன் மாட்டின் கழுத்தில் கயிற்றைப் போட்டுவிட்டுக் குனிந்திருக்கிறான். பின்னாலிருந்து வேறொருவர் மாடு வந்தது. வாடிவாசலில் நிற்பவனுக்கு மாடு எங்கிருந்து வரும் என்று தெரியும். கீழே விழுந்தால் அசையாமல் குப்புறக் கிடக்கவேண்டும் என்றும் தெரியும். பொட்டலில் நிற்பவனுக்கு எந்தத் திசையிலிருந்தும் வரும். அடிபட்டதும் இவன் எழுந்திருக்கிறான். எழுந்ததுதான் பிழையாயிற்று.

பெரியத்தா நம்மை அந்த வீட்டுக்கு அழைத்துப்போனார். கூரைவீடு. திண்ணையில் தந்தை உட்கார்ந்திருந்தார். நாம் யாரென்று பெரியத்தாவே சொன்னார். அவர் கோபிக்கவில்லை. இடுப்பிலிருந்து எடுத்த சுருக்குப்பையில் வெற்றிலையோடு நாம் எழுதிய செய்தியின் நறுக்கும் மடித்து வைக்கப்பட்டிருந்தது. எழுத்தறியாதவர். யாரோ படித்துக் காட்டி, கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

“அவன் பீடிகூடக் குடிக்க மாட்டான் தம்பி” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

மகளுக்கு மாசியில் நிச்சயம் செய்வதாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டாரும் அந்த ஏட்டைப் படித்திருந்தார்கள். அண்ணன் குடித்துவிட்டுச் செத்தான் என்றால் அப்பன் எப்படியோ என்று பேச்சு எழுந்திருந்தது. தலைமை அலுவலகத்துக்குத் திருத்தம் எழுதினோம். மறுமொழியில்லை. நேரில் போனபோது, “செய்தி ஆறிப்போச்சு, இனிமே எதுக்குக் கிளறணும்?” என்றார்கள். கடைசியில் நம் ஏஜென்சியின் பெயர் அச்சிட்ட தாளிலேயே, நாம் எழுதியது பொய், நடந்தது இன்னது என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தோம். அந்தச் சம்பந்தம் கூடவில்லை. ஓராண்டு கழித்து வேறிடத்தில் அந்தப் பெண்ணுக்கு மணமாயிற்று. நாமும் பெரியத்தாவும் போய் மொய் எழுதிவிட்டு வந்தோம்.

பிற்பாடு நெடுநாள் யோசித்ததில் ஒன்று புலப்பட்டது. தேநீர்க் கடையில் பிறந்த அந்தப் பொய் ஏன் ஒருவராலும் மறுக்கப்படவில்லை? குடித்திருந்தான் என்பது எல்லோருக்கும் வசதியாக இருந்தது. பொட்டலில் தடுப்புக் கட்டாத விழாக் குழுவினருக்கு வசதி. அங்கே ஆள் நிறுத்தாத காவல்துறைக்கு வசதி. அடுத்த ஆண்டு அனுமதி கிடைக்காமற் போகுமோ என்று அஞ்சிய மாட்டுக்காரர்களுக்கும் வசதி. நம் பெரியத்தா நம்மைக் கடிந்துகொண்டாரேயன்றி, காவல் நிலையத்தில் போய் உண்மையைச் சொன்னாரா என்றால் இல்லை. “சொன்னா மாட்டை அவுக்க விடமாட்டாங்க” என்றுதான் அவரும் சொன்னார். செய்தியாளன் அவசரத்தில் பொய் எழுதினான்; களத்தில் இருந்தவர்கள் தெரிந்தே வாயை மூடிக்கொண்டார்கள். எதன் பாவம் கனமானது என்று நம்மால் நிறுத்துச் சொல்ல முடியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் மருமகன் அழைத்ததால் துபாய் சென்றிருந்தோம். பாம் ஜுமைரா அருகே கடற்கரையில் அஸர் வேளையில் நின்றிருந்தபோது வானத்திலிருந்து வண்ண வண்ணக் குடைகள் இறங்கின. விமானத்திலிருந்து குதிக்கிறார்கள், இதற்கெனப் பணம் கட்டுகிறார்கள் என்றார் மருமகன். பெரியத்தா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எண்ணிச் சிரித்தோம். ஊர் திரும்பியபின் அந்த விளையாட்டைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தோம். படிக்கப் படிக்க நம் பொட்டல்தான் நினைவுக்கு வந்தது.

அவர்களுக்கும் ஏடுகள்மேல் இதே மனத்தாங்கல். ஒருவர் இறந்தால் ‘பாராசூட் விரியவில்லை’ என்று உடனே தலைப்பு வந்துவிடும். நமக்குக் ‘காளை முட்டியது’ எப்படியோ அப்படி. உண்மையிலோ, இறப்பவர்களில் பலர் குடை நன்றாக விரிந்தபின்னரே இறக்கிறார்கள். தரைக்கு மிக அருகே வந்தபின் வேகமாகத் திரும்ப முயன்று மோதிவிடுகிறார்கள். 1991-இல் ஜெர்மனியிலிருந்து ஒரு சிறு கருவி விற்பனைக்கு வந்தது. குதித்தவர் நினைவிழந்தாலும் குறிப்பிட்ட உயரத்தில் அது மாற்றுக் குடையைத் தானே விரித்துவிடும். அத்தகைய கருவிகள் பரவியபின் குடை விரியாமல் சாவது குறைந்தது. இறங்கும்போது சாவது முன்னுக்கு வந்தது. செய்தித் தலைப்பு மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அமெரிக்காவில் குதிப்போருக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. இன்னார் இறந்தார் என்று ஊரறியச் சொல்வதோடு நிற்காமல், எத்தனை முறை குதித்த அனுபவமுடையவர், எந்த உயரத்தில் என்ன செய்தார், எது தவறிற்று என்பதைப் பெயரை விடுத்துத் தங்கள் இதழிலேயே வெளியிட்டுவிடுகிறார்கள். அடுத்து குதிப்பவன் அதைப் படித்துவிட்டுத்தான் விமானம் ஏறுகிறான்.

நம்மிடம் அப்படி ஒரு குறிப்பேடு இல்லை. வழக்குகளுக்குக் குறைவில்லை. 2006-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடைவிதித்த வழக்கிலேயே, பார்க்கப்போன மகனைப் பறிகொடுத்த ஒரு தந்தை வந்து நின்றார். 2009-இல் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது, 2014-இல் தடை, 2017-இல் மீண்டும் சட்டமும் விதிகளும். 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு அச்சட்டம் செல்லும் என்றது. ஒருவர் மட்டுமே திமிலைப் பிடிக்கவேண்டும், பதினைந்து மீட்டரோ முப்பது நொடியோ மூன்று துள்ளலோ போதும் என்றெல்லாம் விதிகள் வகுத்தார்கள். காளைக்கு மருத்துவச் சோதனை, வீரருக்கு மருத்துவச் சோதனை, இரட்டைத் தடுப்பு எல்லாம் வந்துவிட்டன. இவையனைத்தும் நன்மையே, அடிபடுவது குறைந்திருக்கிறது என்று பழைய மாட்டுக்காரர்களே ஒப்புக்கொள்கிறார்கள். காளைக்கு இழைக்கும் கொடுமைகளைக் குறித்துக்கொள்ள விலங்குநல வாரியத்தின் பார்வையாளர்கள் வருகிறார்கள். மனிதன் எப்படிச் செத்தான் என்று குறித்துக்கொள்ள எவரும் வருவதில்லை.

2025 ஜனவரி 16, காணும் பொங்கல். தமிழ்நாடெங்கும் ஒரே நாளில் ஏழு பேர் இறந்ததாக ஏடுகள் எழுதின. நம் மாவட்டமும் அக்கணக்கில் இருந்தது. ‘ஜல்லிக்கட்டில் 7 பேர் பலி’ என்ற தலைப்பைப் பார்த்தால், ஏழு வீரர்கள் ஏழு காளைகளை எதிர்த்து நின்று மாண்டதாகத்தான் தோன்றும். அவர்களில் மாட்டுக்காரர்களும் வேடிக்கை பார்த்தவர்களுமே மிகுதி. சிராவயலில் ஒருவர் ஓடிப்போன தம் மாட்டைப் பிடிக்கப்போய் நீரில் மூழ்கியவர். மாடும் அவரோடு மூழ்கிற்று. அது முட்டிச் சாகவில்லை. வாடிவாசலில் எத்தனை தடுப்புக் கட்டினாலும் அந்தச் சாவைத் தடுத்திருக்க முடியாது. எங்கே தடுப்புக் கட்டவேண்டுமென்று சொல்லக்கூடிய செய்தி அந்த ஏழு என்ற எண்ணுக்குள் அமுங்கிப்போயிற்று.

கடையை இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். ஏஜென்சி எப்போதோ கைமாறிவிட்டது. நாம் வெறுமனே கல்லாவுக்கருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதுண்டு. அவ்வாறு உட்கார்ந்திருந்த ஒரு மாசி மாத மாலையில், கைப்பேசியும் கையுமாக ஓர் இளைஞன் கடைக்குள் நுழைந்தான். நாளிதழ் ஒன்றின் செய்தியாளன் என்றான். பக்கத்து ஊரில் மாடு அவிழ்த்ததில் ஒருவர் இறந்துவிட்டார். இறந்தவர் வீடு எங்கே என்று வழிகேட்க வந்தவன். நாம் வழி சொல்லவில்லை. என்னென்ன கேட்கப்போகிறாய் என்று கேட்டோம்.

“பேரு, வயசு, எத்தனை பிள்ளைங்க, குடிச்சிருந்தாரான்னு...”

“எங்க நின்னாருன்னு கேக்கமாட்டியா தம்பி?”

அவன் நம்மை உற்றுப் பார்த்தான். ஏழு மணிக்குள் செய்தி போயாக வேண்டும் என்றான். ஏழு மணி நமக்கும் தெரியும். மேசை இழுப்பறையில் கிடந்த, நாற்பதாண்டுக்கு முந்தைய அந்த நறுக்கை எடுத்துக் கொடுத்தோம். மறுபடி இதைப் பார்க்க நேர்ந்தால் யாருக்காவது காட்டு என்று அந்தத் தந்தை மறைவதற்குச் சில மாதங்களுக்குமுன் நம்மிடமே திருப்பிக் கொடுத்திருந்தார். இளைஞன் அதைப் படித்தான். யார் எழுதியது என்று கேட்டான். சொன்னோம். அதன்பின் அவனோடு நாமே அந்த வீட்டுக்குப் போனோம். கயிறு பிடித்து உடன்நின்ற இருவரைத் தேடிக் கண்டுபிடிக்க இரவு ஒன்பதாயிற்று. இதற்குள் அவனுக்கு மூன்று முறை தொலைபேசி வந்தது. ஒவ்வொரு முறையும் சற்றுத் தள்ளிப்போய்ப் பேசிவிட்டு வந்தான்.

மறுநாள் ஸுப்ஹுக்குப்பின் தேநீர்க் கடையில் ஏட்டைப் பிரித்தோம். தலைப்பு மாறவில்லை: ‘மாடு முட்டி ஒருவர் பலி’. உள்ளே ஆறு வரி. ஐந்தாவது வரி இப்படி இருந்தது: “களத்துக்கு வெளியே, தடுப்பு அமைக்கப்படாத மாடு சேருமிடத்தில் தமது காளைக்காகக் கயிற்றுடன் காத்திருந்தபோது, பின்னால் வந்த மற்றொரு காளை முட்டியதில் அவர் இறந்ததாக, உடனிருந்த இருவர் தெரிவித்தனர்.”

“என்ன பாய், அவ்வளவு உன்னிப்பா?” என்றார் கடைக்காரர். இன்னொரு பிரதி வேண்டுமென்று காசைக் கொடுத்தோம். 1983-இல் இறந்தவனின் தம்பி இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறார்; மாடும் வைத்திருக்கிறார். முதற்பேருந்தில் போய்ச் சேர்ந்தபோது அவர் கண்மாய்க் கரையில் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். ஈரக்கையைத் துண்டில் துடைத்துவிட்டு ஏட்டை வாங்கி, ஐந்தாவது வரியை இரண்டு முறை படித்தார். “மாடு சேருற எடத்துலயா? எங்க அண்ணன் மாதிரியே” என்றார். பிறகு ஏட்டை மடித்துக் கரைமேல் கல்லடியில் வைத்துவிட்டு, மறுபடி நீருக்குள் இறங்கினார்.